யானைப் பாட்டு, எட்டுத் தடவை

"அந்தப் பாட்டு."

பின்சீட்டிலிருந்து உத்தரவு வந்தது. கார் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

"நேத்துதானேடி எட்டுத் தடவை கேட்டே. மொத்தம் பன்னிரண்டு பாட்டு இருக்கு அதுல. தவளைப் பாட்டு போடவா? முதல் நாள் அதுக்குத்தானே சீட்டுல குதிகுதின்னு குதிச்சே."

"வேண்டாம். யானைப் பாட்டுதான்."

அம்மாவுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. ஐந்து மணிக்கு எழுந்தவள். ஏழரைக்குள் லேபில் இருந்தாக வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள், கொஞ்சம் தாமதமானால் அவளையே தின்றுவிடுவதுபோலப் பார்ப்பார்கள். இதில் தினமும் யானை வேறு.

மகளுக்கு ஐந்து வயசு. பேரென்று ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, வீட்டில் சில்வண்டுதான். ஒன்றைப் பிடித்தால் பிடித்த பிடி.

கார் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா பட்டனை அமுக்கினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் பட்டன்தான்.

லேபில் கூட வேலை செய்கிறவள் கொடுத்த பென்டிரைவ் அது. "புதுசா வந்திருக்கு. குழந்தைங்களுக்குன்னு போட்டதுதான், ஆனா பெத்தவங்களுக்கும் பிடிக்கும், கேட்டுப் பாரு" என்றாள். பிடித்துத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? குடையைத் தொலைத்த யானை ஒன்று ஊரெல்லாம் தேடிக்கொண்டு போகும். நாலு வரிக்கு ஒரு தடவை கனத்த குரல் ஒன்று "காணோமே..." என்று இழுக்கும். மெல்லிய குரல் பின்னாலேயே "காணோம், காணோம்" என்று ஓடி வரும்.

கனத்த குரல் அப்பாவுக்கு, மெல்லியது அம்மாவுக்கு. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. எவ்வளவு கடுப்பில் இருந்தாலும் அந்த இடம் வந்துவிட்டால் இரண்டு வாயும் சும்மா இருக்காது.

மூன்று நிமிஷம். பாட்டு முடிந்தது.

"துவைச்ச துணியை நேத்தும் மெஷின்லயே விட்டுட்டீங்க. நாறுது" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நான் எத்தனை மணிக்கு வந்தேன்னு உனக்குத் தெரியாதா? பதினாலாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சு."

"எங்க லேப்லயும்தான் லிஃப்ட் இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் நின்னதில்ல. உங்களுக்கு மட்டும் தினம் ஒண்ணு நிக்குது."

"அப்ப நான் பொய் சொல்றேங்கறியா?"

"திரும்பப் போடு" என்றது பின்சீட்டு.

"பேசிட்டு இருக்கோம்ல."

"திரும்பப் போடுங்க. இப்பவே போடுங்க."

"பார்த்தீங்களா? பெரியவங்களை ஒரு வார்த்தை முழுசாப் பேச விடுறாளா? எல்லாம் நீங்க கொடுக்கிற செல்லம்."

அப்பா பட்டனை அமுக்கினார். யானை மறுபடியும் குடையைத் தேடக் கிளம்பியது.

இப்படியே மூன்று மாசம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை சரியாக எட்டுத் தடவை. அம்மாவுக்குக் காது புளித்துப்போயிற்று. இந்தப் பிடிவாதத்தை எங்கே கொண்டுபோய் விடுவது என்று லேபில் புலம்பினாள். யானைப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறதோ!

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கடைசியாகப் பேசினார்கள். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்கள். உயர்த்தத் தெம்பில்லை.

"கொஞ்ச நாள் தனித்தனியா இருந்து பார்ப்போம்" என்றார் அவர்.

"சரி" என்றாள் அவள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள்தான். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"அப்பாவுக்குப் பெரியப்பா வீட்டுப் பக்கம் வேலை, கொஞ்ச நாள் அங்கேதான் தங்குவார்" என்று சில்வண்டிடம் சொன்னார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, குழந்தைக்கு எதுவும் புரியவில்லை என்று இரண்டு பேருமே நிம்மதிப்பட்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவர் கார்ச் சாவியை அவளிடம் நீட்டினார்.

"காலையில மறக்காம யானைப் பாட்டைப் போட்டுடு. இல்லாட்டி அழுவா."

மறுநாள் காலை அம்மாதான் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. பின்சீட்டிலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை. தெருமுனை வந்தது, பெரிய ரோடு வந்தது, சிக்னலும் வந்துவிட்டது.

பாவம், அப்பா இல்லாமல் ஏங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, கேட்காமலேயே பாட்டைப் போட்டாள் அம்மா.

யானை குடையைத் தேடியது. கனத்த குரலின் இடம் வந்தது. பாட்டுக்காரர் மட்டும் தன்னந்தனியாக "காணோமே..." என்று இழுத்தார். பின்னாலேயே பாட வாயைத் திறந்த அம்மா, பக்கத்து சீட்டு டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"அணைச்சிடும்மா."

"ஏண்டா கண்ணு? உனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டாச்சே?"

சில்வண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தவளைப் பாட்டுதாம்மா பிடிக்கும். யானைப் பாட்டு ஓடுறப்ப மட்டும்தான் நீயும் அப்பாவும் சண்டை போட மாட்டீங்க, அதான் கேட்டேன். இப்பதான் அப்பா இல்லையே, தவளையையே போடு."