திறக்காத போத்தல்

அமரர் சிவபாலன் ஞாபகார்த்த விருது இம்முறை ஸுல்பிகாவுக்கு. திருகோணமலையில் கிணறு முதல் துறைமுகம் வரை முப்பது வருடமாகத் தண்ணீரைச் சோதித்தவர். அவர் நல்லதென்றால்தான் ஊர் குடிக்கும்.

விழாச் செலவு முழுக்கத் தண்ணீர்ப் போத்தல் கம்பனி முதலாளி குகதாசனுடையது. மேடையிலும் மண்டபத்திலும் எல்லோர் முன்னாலும் அவருடைய போத்தல்கள்.

"சரியான வெக்கை. குடியுங்கோ மிஸ்," என்றார் அவர்.

"வேணாம்." ஸுல்பிகா போத்தலை மெல்லத் தள்ளிவைத்தார்.

அவ்வளவுதான். வாயருகே கொண்டுபோன போத்தலைப் பிரதம விருந்தினர் மூடிவைத்தார். முன்வரிசை அதைப் பார்த்தது. பின்வரிசை முன்வரிசையைப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் மண்டபத்தில் ஒருவரும் தண்ணீரைத் தொடவில்லை. ஒரு தாய் பிள்ளையின் கையிலிருந்ததையும் பிடுங்கிவிட்டாள்.

குகதாசனுக்கு வியர்த்து ஊற்றியது. ஸுல்பிகாவின் காதருகே குனிந்தார்.

"மிஸ், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்னது?"

"போன கிழமை ஃபில்டர் பழுதாப் போச்சுது. ரெண்டு நாள் சும்மா கிணத்துத் தண்ணியைத்தான் அடைச்சனாங்கள். கடைக்குக் குடுக்கப் பயந்துதான் அந்தப் பெட்டியளை இங்க கொண்டுவந்தனான். மைக்கில மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

ஸுல்பிகா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"முதலாளி, வியாழக்கிழமையில நான் நோன்பு பிடிக்கிற வழக்கம். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லில படாது."

குகதாசன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஸுல்பிகா அந்தப் போத்தலை எடுத்துப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தார்.

"இதை நாளைக்குக் காலையில ஆய்வுகூடத்தில திறப்பம்."