செலவில்லாத மீன் காட்சி

நாலாவது புதன்கிழமையும் ராஸ்முஸ் தன் இரண்டு குழந்தைகளோடு பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், வரவேற்பு மேசையிலிருந்த கிர்ஸ்டன் பொறுமையிழந்தாள்.

“இது ஆஸ்பத்திரிங்க, பார்க் இல்ல! பசங்களைக் கூட்டிட்டுப் போக வேற இடமே கிடைக்கலியா?”

ராஸ்முஸ் மஃப்ளரைக் கன்னத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். “இந்த ஆர்ஹூஸ் ஊர் மழையில எங்கங்க போறது? இங்க மீன் தொட்டி இருக்கு, பொம்மை இருக்கு, செலவே இல்ல.”

“பேர் பதிஞ்சவங்க மட்டும்தான் உக்காரலாம்.”

“பதிஞ்சாச்சு. அம்மாவை நேத்தே போன் பண்ண வெச்சேன்” என்றாள் ஆறு வயது ஆல்மா.

“யாருக்குப் பல் வலி? உனக்கா, தம்பிக்கா?”

“அப்பாவுக்கு. பயம் தெளியட்டும்னு மூணு வாரமா நாங்கதான் கூட்டிட்டு வந்து மீன் காட்டினோம். இன்னைக்கு விடமாட்டேன்.”

ராஸ்முஸ் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆல்மா அவன் கையை இறுகப் பிடித்து இழுத்தாள்.

“வாப்பா, மீன் எங்கயும் ஓடாது. நீ ஓடாம இருந்தா சரி.”