மூணாவது மாடி போர்டு

"நாளைக்கு அந்த வாட்ச்மேன் சீட்டைக் கிழிக்காம விடமாட்டேன்!"

மெக்கானிக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தக் கட்டடத்தில் அவருக்கு மெக்கானிக் என்றுதான் பெயர். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். அவர் குடியிருக்கும் மூணாவது மாடியிலேயே பன்னிரண்டு நாளாக, காலை ஆறு மணியானால் 'லிஃப்ட் வேலை செய்யாது' என்று போர்டு தொங்கினால் ரத்தம் கொதிக்காதா?

பேப்பர் வாங்க அறுபது படி இறங்குவார். திரும்பி வந்தால் வாட்ச்மேன் கீழே லிஃப்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இன்னும் சரியாகல சார்" என்பார். மறுபடி அறுபது படி. எட்டு மணிக்குப் பார்த்தால் லிஃப்ட் நல்ல பிள்ளையாக ஓடும்.

"நேரம் பார்த்தா ரிப்பேர் வரும்?"

"எனக்கென்னங்க தெரியும்?" மனைவி தலை நிமிராமல் காய் நறுக்கினாள்.

"ரெண்டாவது மாடி டீச்சர் இன்னிக்கு ஆறரைக்கு லிஃப்ட்லதான் போனாங்களாம். ரிப்பேர்னா எல்லா மாடியிலயும் போர்டு மாட்டணும், அதான் முறை. இங்க நம்ம மாடியில மட்டும் தொங்குது. அந்த ஆளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

கட்டடத்துச் சொந்தக்காரருக்கு எழுதிய புகார் சட்டைப் பையில் தயாராக இருந்தது. கொடுத்தால் வாட்ச்மேன் வேலை போய்விடும். அதற்கு முன்னால் ஏன் இப்படிச் செய்கிறார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

மறுநாள் அஞ்சே முக்காலுக்கே கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆறு மணிக்குப் படிக்கட்டில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. வாட்ச்மேன்தான். கைப்பிடியைப் பிடித்து, நாலு படிக்கு ஒரு தரம் நின்று, மூச்சு வாங்க ஏறி வந்தார். அக்குளிலிருந்த போர்டை எடுத்து லிஃப்ட் கதவில் மாட்டினார்.

மெக்கானிக் கதவைப் படாரென்று திறந்தார்.

"யோவ்! மாட்டினியா?"

"ஐயோ சார்! கோவிச்சுக்காதீங்க." வாட்ச்மேனுக்கு வேர்த்துக் கொட்டியது. "உங்களுக்கு சுகர் ஏறிப்போச்சாமே. டாக்டர் நடக்கச் சொல்லியும் கேக்கலைன்னு அம்மா வருத்தப்பட்டாங்க. அதான்..."

மெக்கானிக் போர்டையும் வாட்ச்மேனையும் மாறி மாறிப் பார்த்தார். போன வாரம் பார்த்தபோது சுகர் குறைந்திருந்தது உண்மை. புது மாத்திரைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே!

"அது சரி, நீங்க எதுக்கு இப்படி இரைக்க இரைக்கப் படியேறணும்? லிஃப்ட்ல வந்து மாட்டலாம்ல?"

"லிஃப்ட் ஓடினா உங்க காதுக்குத் தெரிஞ்சுடுமே சார். முப்பத்தெட்டு வருஷக் காது, ஏமாத்த முடியாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. மாட்ட ஒரு தரம், கழட்ட ஒரு தரம் ஏறி இறங்கறேன். உங்களுக்காகத்தானே, பரவாயில்ல."

மெக்கானிக்குக் கண் கலங்கியது. காதைப் பற்றிச் சொன்னதில் கொஞ்சம் பெருமையும் வந்தது. வாட்ச்மேன் இறங்கிப் போனதும் புகாரைச் சுக்குநூறாகக் கிழித்துக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தார்.

"உன் சாயம் வெளுத்துப் போச்சு! என்னை நடக்க வச்சது சரி. என் காதுக்குப் பயந்து அந்த வயசான மனுஷனை ஏன் படியேற விடறே? உனக்கே நல்லா இருக்கா?"

மனைவி அவசரமாகப் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவா பேசுங்க, அவர் காதுல விழுந்துடப் போகுது. வாசல்ல பெல் அடிச்சாலே உங்களுக்குக் கேக்கறதில்ல, லிஃப்ட் சத்தமா கேக்கப் போகுது? அவருக்கும் அதே டாக்டர்தாங்க. எவ்வளவு சொல்லியும் நடக்க மாட்டேங்கறார்னு அவர் சம்சாரம் என்கிட்ட வந்து ஒரே அழுகை!"