பேட்டரி வண்டியின் முதல் சவாரி

வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரி வாசல் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்படியானால் ஓடுகிறது.

பழைய டீசல் வண்டியில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் நடுங்கும். கதவு நடுங்கும். அவன் பல் நடுங்கும். பின்னால் வருகிறவர்கள் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இத்தனை காலம் அந்த அமரர் ஊர்தியை ஓட்டி ஓட்டி, வீட்டில் தண்ணீர் கேட்பதென்றாலும் அவன் கத்தித்தான் கேட்பான்.

நகராட்சி முதலில் குப்பை வண்டிகளை பேட்டரிக்கு மாற்றியது. இப்போது இது.

காலையில்தான் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சாவியைக் கையில் கொடுத்தார்கள். "புகை கெடையாது, சத்தம் கெடையாது. பாத்து ஓட்டிக்கோங்க" என்றார் இன்ஜினியர், சொந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி.

மதியமே முதல் சவாரி வந்துவிட்டது.

பின்னால் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெரியவர். அவரை ஒட்டிப் பின் சீட்டிலேயே அவர் மனைவி. கூட வந்திருந்த கொழுந்தன் மகன், பந்தலுக்குச் சொல்ல வேண்டுமென்று பைக்கில் முன்னால் போய்விட்டான்.

வேறு யாருமில்லை.

அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தான். விட்டுப் பார்த்தான். டேஷ்போர்டுப் பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான்.

எங்கோ ஒரு கொசு பறக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

"ஏங்க, ரயில்வே கேட் தாண்டியாச்சு."

தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, ஆமாம்மா என்று சொல்ல வாயெடுத்தான். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தான்.

அவள் பெரியவரின் பக்கம் குனிந்திருந்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

எத்தனை பேரை ஏற்றியிருக்கிறான். அழுவார்கள், இல்லாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தான். எல்லோரும் இப்படிப் பேசிக்கொண்டா வந்தார்கள்? அந்த இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்டதில்லை.

இப்போது கேட்டது. நடுவிலிருந்த கதவில்லாத ஜன்னல் வழியாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல.

"தீப்பெட்டி ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு விட்டுட்டாக போல. பிள்ளைக எல்லாம் மரத்தடியில உக்காந்திருக்கு."



பிறகு, சாதாரணமாக, உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் எதுக்குச் சிரிச்சேன்னு கேட்டுக்கிட்டே இருப்பீகளே."

ஆக்ஸிலேட்டரில் இருந்த அவன் கால் தானாகத் தளர்ந்தது.

"அம்புட்டுத் தடவை கேட்டீக. நானும் அப்புறம் சொல்லுதேன், அப்புறம் சொல்லுதேன்னே காலத்தை ஓட்டிட்டேன்."

நிறுத்திவிட்டாள்.

அவன் காத்திருந்தான்.

காப்பியை மேலே கொட்டிக்கொண்டிருப்பாரோ. அவசரத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருப்பாரோ. இல்லை, பெண்ணென்று நினைத்து வேறு யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தாரோ.

எதிரே முக்கு ரோடு வந்தது. இடது பக்கம் திரும்பினால் அவர்கள் தெரு. தூரத்தில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டமாக, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ரோட்டையே பார்த்து நின்றார்கள்.

வாசலில் போய் நின்றதும் நடப்பது அவன் எல்லா வீட்டிலும் பார்த்ததுதான். கதவைத் திறக்குமுன் ஆட்கள் வந்து விழுவார்கள். மனைவியை நாலு பேர் பிடித்துத் தனியே இழுத்துப்போவார்கள். அதற்கப்புறம் எடுக்கிறவரை, அந்தக் காதுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைக்காது.

அவன் திருப்பவில்லை.

நேரே பைபாஸில் ஏறினான்.

"தம்பி, நம்ம தெரு அங்கிட்டுல்லா இருக்கு?"

"சுத்திப் போவோம்மா. சார்ஜ் நெறையக் கெடக்கு."

சின்னக் கண்ணாடியில் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பேசியதைக் கேட்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு முகம் சுட்டது.

அவள் திரும்பிக்கொண்டாள். பெரியவரின் முகத்துத் துணியை விலக்கினாள். காதோரம் குனிந்தாள்.

"அது ஒண்ணுமில்லைங்க..."

பைபாஸில் முன்னேயும் பின்னேயும் ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. குசுகுசுத்தால்கூட ஒரு எழுத்து தப்பாமல் அவன் காதுக்கு வந்து சேரும்.

தெரிந்துகொள்ள அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

தன் பக்கத்துக் கதவு ஜன்னலை முழுக்க இறக்கினான். அனல் காற்று இரைச்சலோடு உள்ளே வந்தது.

அதையும் மீறி அவள் குரல் கேட்டது.

ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். எடுக்கவில்லை.

ஓடைப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஆளே இல்லாத ரோட்டில் யாரை விலகச் சொல்கிறான் என்று எழுந்து நின்று பார்த்தார். ஆடுகளும் பார்த்தன.

அவன் அழுத்திக்கொண்டே போனான்.

பாலம் தாண்டியபின் கையை எடுத்தான். ஜன்னலை மெல்ல ஏற்றினான்.

பின்னால் துணி சரசரத்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சொல்லிட்டேன் தம்பி. வீட்டுக்குப் போவோம்."

இப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்கவேண்டும் போலிருந்தது.

சின்னக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, வண்டியைத் திருப்பினான்.