தூங்குமுன் வந்த தகவல்

அவள் அந்தப் பதிவை மூன்றாவது முறையாகப் படித்தாள். வேறு மாதிரி இருக்கவில்லை.

பிற்பகல் 2.10. மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினி பேட்டரியில் ஓடுகிறது.

2.31. பேட்டரி தீர்கிறது. கணினி தூங்கப் போகிறது.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

இரண்டு முறையும் கணினி சொல்லியிருந்தது. தனக்குள் ஓடும் எல்லா மென்பொருளுக்கும் அது சொல்லும். தூங்குமுன் இரண்டு விநாடி கொடுக்கும், முடிக்க வேண்டியதை முடித்துக்கொள் என்று.

அவள் எழுதிய மென்பொருள் அதைக் கேட்டிருக்கிறது. கேட்டதைக் குறித்தும் வைத்திருக்கிறது.

கேட்டபின் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், மார்ச் மாதம், ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போயிருந்தாள்.

‘பிறகு.’

பல்லடத்துக்குத் தெற்கே கோழிக்குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரி. அதன் சின்ன அலுவலக அறை. கண்ணாடிக்கு அப்பால் முட்டைகளை அடைகாக்கும் மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் கதவு மட்டும் திறந்து கிடந்தது. மூன்று முறை கழுவிவிட்டார்களாம். வாடை போகவில்லை.

பத்தொன்பது நாள் முட்டைகள். ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் கத்தத் தொடங்கும் பருவம்.

அன்று ஜெனரேட்டர் எடுக்கவில்லை. மின்விசிறிகள் நின்றன. தங்கள் சூட்டிலேயே குஞ்சுகள் முட்டைக்குள் வெந்துபோயின. சூடு எல்லை தாண்டினால் போன் அடிக்க வேண்டிய கணினி, தாண்டியபோது தூங்கிக்கொண்டிருந்தது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. விசைப்பலகை மேல் கிடந்த விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

காலையில் அவளுடைய கம்பெனி மேலாளர் போனில் சொல்லியிருந்தார். "லேப்டாப் பழசுன்னு சொல்லிட்டுக் கெளம்பி வந்துரும்மா."

நாச்சிமுத்து உள்ளே வந்தார். ஹேச்சரி அவருடையது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். அவருக்கு அது புரியாது.

"அன்னிக்கு நாங்க ஒரு காதுகுத்துக்குப் போயிட்டமுங்க. இங்க வேல செய்யற மாராத்தாளத்தான் பாத்துக்கச் சொன்னேன். கரண்டு போனா ரெண்டு பேரு போனும் அடிக்கும்னு நீங்க சொன்னதத்தான் அவகிட்டயும் சொன்னேன். அவ பின்னாடி ஷெட்டுல முட்டை பிரிச்சுட்டு இருந்திருக்கறா. போன் அடிக்கவே இல்லைங்கறா."

கண்ணாடிக்கு அப்பால் திறந்து கிடந்த மெஷினைப் பார்த்தார்.

"எம்போன் அடிச்சாலும் காதுகுத்துச் சத்தத்துல கேட்டிருக்காதுங்க. அவ தூங்கிப்போட்டுப் பொய் சொல்றான்னு வேலைய விட்டு நிறுத்திப்போட்டேன். பன்னெண்டு வருசமா இருந்தவ."

மெஷின்களின் இரைச்சல் கண்ணாடியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

லேப்டாப் பழசுதான். அதைச் சொன்னால் பொய்கூட ஆகாது.

அவள் மார்ச்சில் எழுதிவைத்த அந்தச் சொல்லைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"போன் அடிக்கலைங்க. அவங்க சொன்னது நெசம்." தன் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "கரண்டு போனத கம்ப்யூட்டர் சொல்லியிருக்கு. சொன்ன ஒடனே போன் அடிக்கற மாதிரி நான் எழுதியிருக்கணும். எழுதாம விட்டுட்டேன்."

நாச்சிமுத்து அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஓர் எண்ணைத் தட்டினார். ஸ்பீக்கரில் போட்டு, மேசை மேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க. அவகிட்டச் சொல்லுங்க."

மணி போயிற்று. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

அவள் முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அந்தப் பக்கமிருந்து மாராத்தாளின் குரல் வந்தது.

"மொதலாளிங்களா... ஏனுங்க, ஒண்ணாச்சும் பொரிஞ்சுதுங்களா?"