மண்டியிட ஒரு கால்

"போதும் ஸ்டாமாட்டிஸ், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்."

"இன்னும் ஒரே தடவை!"

கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரத்து ஜிம்மில், பழைய பைக் விபத்தில் நொறுங்கிய முழங்காலை மறுபடி தரையில் ஊன்றினான் அவன். வலியில் முகம் கோணியது. பயிற்சியாளர் தெஸ்பினாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒத்தைக் கால்ல மண்டி போட இந்தப் பாடா? மோதிரம் வாங்கியாச்சா? யாரு அந்தப் பொண்ணு?"

"பொண்ணும் இல்ல, மோதிரமும் இல்ல. ஞாயித்துக்கிழமை தம்பிக்குக் கல்யாணம். நம்ம வழக்கப்படி மாப்பிள்ளை தனியா ஆடுறப்போ, கூடப் பொறந்த நான் அவன் முன்னால மண்டி போட்டுக் கைதட்டணுமில்ல?"

"நாற்காலியில உட்கார்ந்தே தட்டுங்களேன்!"

"நான் உட்கார்ந்திருந்தா அவன் ஆட மாட்டான், தெஸ்பினா. அன்னிக்கு பைக்கை ஓட்டினது அவன்தான்."