துரை சொன்ன ரைட்

“ரைட்டுன்னா சரிங்கற ஒரே அர்த்தந்தான்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டியா?” என்றார் மேஸ்திரி செங்கோட்டையன்.

பெருமாயியின் கையில் கால் கட்டிய கோழி ஒன்று தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் அவள் புருஷன் பொன்னன் சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். போன வாரம் அவனுக்கு மறுபடி வேலை கேட்டு வந்தபோது துரை ‘ரைட்’ என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இருட்டோடு எழுந்து களி கிண்டி வைத்துவிட்டு இருவரும் வந்திருந்தார்கள்.

சேந்தமங்கலம் ரோட்டை ஒட்டிய கல்குழி அது. மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம். ரயில் பாதைக்கு இங்கிருந்து ஜல்லி போனது. ஆண்கள் பாறையில் துளை போட்டு மருந்து கிட்டித்து வெடி வைப்பார்கள். சிதறிய கல்லைப் பெண்கள் உடைப்பார்கள். பொன்னன் துளை போடுகிறவன். வெடிச் சத்தம் மண்டைக்குள் புகுந்து புகுந்து அவனுக்கு இரண்டு காதும் அடைத்துப்போயிற்று. வெடிக்கு முன்னால் ஊதும் விசில் கேட்காதவன் குழியில் நிற்கக் கூடாது, செத்துத் தொலைந்தால் கம்பெனிக்குக் கெட்ட பேர் என்று பொங்கல் கழிந்த கையோடு அவனை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து பெருமாயி கூலியில் மட்டும் வீடு ஒருவேளை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது.

துரை எதைக் கேட்டாலும் ‘ரைட்’ என்றுதான் சொல்லுவார். வேறு பேச்சு அவரிடம் கிடையாது. அர்த்தம் சொல்வது மேஸ்திரியின் வேலை. குடிக்க இன்னொரு பானைத் தண்ணீர் வேண்டும் என்று பெண்கள் கேட்டபோது சொன்ன ரைட்டுக்கு வலது பக்கம் என்று அர்த்தம். வலது பக்கம் ஓடை இருக்கிறது, போய்க் குடியுங்கள் என்றார் மேஸ்திரி. கைக்குழந்தைகளைக் கிடத்த ஒரு கொட்டகை கேட்டார்கள். அதற்குச் சொன்ன ரைட்டுக்கு, இருப்பதே சரியாகத்தான் இருக்கிறது என்று அர்த்தமாயிற்று. கூலியைக் கூட்டிக் கேட்டபோது, அதெல்லாம் கம்பெனியின் உரிமை என்று ஆகிவிட்டது. மேஸ்திரியின் மருமகனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை கேட்டபோது மட்டும், நாளைக்கே வரச் சொல் என்று அர்த்தம் வந்தது.

“அன்னிக்குச் சொன்ன ரைட்டு, உன்ற புருசனை நிறுத்துனது நாயந்தாங்கற ரைட்டு. இங்கிலீசுல ஒரு சொல்லுக்கு ஒம்பது அர்த்தம் இருக்குது புள்ள.”

“குழி தோண்டுன நாள்ல இருந்து தொரையும் இவருந்தானுங்களே கூடக்கூட நின்னாங்க,” என்றாள் பெருமாயி. “இன்னொருக்கா கேட்டுப் பாருங்க மேஸ்திரி. என்ற கண்ணு முன்னால கேளுங்க.”

கோழியை நீட்டினாள். மேஸ்திரி அதைத் தூக்கி எடை பார்த்தார். மருமகனிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

துரை குழியோரம் வேப்பமரத்தடியில் நின்று சுங்கானில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பற்றி ஊரே பேசும். உச்சியிலும் பொழுது சாயும்போதும் வெடி. விசில் ஊதுவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துரை பாறை மறைவுக்குப் போய்விடுவார். வெள்ளைக்காரன் ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு என்று மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

மேஸ்திரி துரையின் முகத்துக்கு நேரே போய் நின்று, பொன்னனைக் கை காட்டி, நீளமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை பொன்னனை மேலும் கீழும் பார்த்தார். பொன்னன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

“ரைட்,” என்றார் துரை.

பெருமாயி மேஸ்திரியின் வாயையே பார்த்தாள்.

“நாமக்கல் பஸ்ஸுல கண்டக்டர் ரைட்டுங்கறானே, கேட்டதில்லையா? அந்த ரைட்டு. கெளம்புங்கறாரு.”

“அப்பக் கோழிங்க?”

“கோழி, நான் கேட்டதுக்கு. கெடைக்கறதுக்கு இல்ல.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதியது. நேற்று வெடிக்காமல் நின்றுபோன ஒரு துளைக்கு இன்று காலையிலேயே திரி வைக்கப் போவதாக வெடிக்காரன் காத்தான் சொல்லியிருந்தான். கோழிப் பேச்சில் மேஸ்திரிக்கு அது மறந்துபோயிற்று.

பெண்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மேஸ்திரியும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒன்றும் தெரியாமல் நின்ற பொன்னனைப் பெருமாயி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறை மறைவுக்கு வந்து சேர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

துரை வந்திருக்கவில்லை. குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே நின்று, நிதானமாகச் சுங்கானைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். விசில் இன்னொரு முறை நீளமாக ஊதியது. அவர் திரும்பவில்லை.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு திரும்ப ஓடினார். பெருமாயி பொன்னனை இழுத்து வந்தது போலவே துரையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் பாறை மறைவில் ஒதுங்கவும் வெடி வெடிக்கவும் சரியாக இருந்தது. வேப்பமரத்தின் ஒரு கிளை முறிந்து விழுந்தது.

தூசி அடங்கியது. பெருமாயி துரையின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

“ஏனுங்க தொரை, உங்களுக்கு எப்ப இருந்துங்க காது கேக்கறதில்ல?” என்று தமிழிலேயே கேட்டாள்.

அவள் வாய் அசைவதைத் துரை பார்த்தார். “ரைட்,” என்றார்.

இந்த ரைட்டுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க மேஸ்திரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பொன்னனை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்றாரு புள்ள,” என்றார் மெதுவாக. “கோழியையும் எடுத்துக்கிட்டுப் போ.”